நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது ஆண்

"எண்ணிக்கையைச் சொல்லாதீங்க சார். ஆளை ஆளா சொல்லுங்க," என்று தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்கிறார் புள்ளிவிவரப் பிரிவின் அக்கா. மறுமுனையில் ஏதோ ஒரு கல்லூரி எழுத்தர் முனகிக்கொண்டே ஒப்பிக்கிறார்: கணக்குக்கு மூன்று பேர், வேதியியலுக்கு இரண்டு, ஒருவர் நீண்ட விடுப்பு. ஆளுக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு மற்ற நாலையும் குறுக்கே கட்டும்.

உயர்கல்வியில் எந்த மண்டலத்தில் எத்தனை ஆண் ஆசிரியர்கள் என்று ஒப்பிடும் அட்டவணை பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. பெண் ஆசிரியர்கள் பக்கத்து அறையின் பாடு. "வீட்ல ஒரு வாத்தியாரை மேய்க்கவே ஆவி போகுது. இங்க நாலு மண்டலமும் என் தலையில," என்று அலுத்துக்கொள்வார். அலுப்பில் பாதிக்குமேல் பெருமை. மலை மண்டலத்தில் ஆண்கள் ஏன் குறைகிறார்கள், கடலோரத்தில் ஏன் கூடுகிறார்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், திறந்த சாப்பாட்டு டப்பா ஆறிப்போகும்வரை விளக்குவார்.

எதிர் மேசையில் நரைத்த மீசைக்காரர். அதே ஆண்களைப் பாடவாரியாக எண்ணுபவர். பணி எண்ணைக் கணினியில் தட்டினால் அவர் வேலை முடிந்தது. இருவர் மொத்தமும் ஒத்துப்போனால்தான் அட்டவணைகள் ஆண்டுப் புத்தகத்தில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால், தப்புச் செய்தவர் மற்றவருடைய பென்சிலைச் சீவித் தரவேண்டும். இதுவரை சீவியவர் மீசைக்காரர் மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு இடித்தது. அக்காவிடம் 4318 ஆண்கள், மீசைக்காரரிடம் 4317. மாலைக்குள் சரியாகாவிட்டால் மண்டல அட்டவணை இல்லாமலே புத்தகம் அச்சுக்குப் போகும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அக்கா கோடுகளை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது வருடத்துப் பெயர் ஒற்றை ஆளால் கெடுவதா?

"ஒரே ஒருத்தர்தானே, விட்டுக்குடுங்கக்கா," என்றார் மீசைக்காரர்.

"ஆள் என்ன கொசுறா தம்பி, விட்டுக்குடுக்க?"

மறுபடி எல்லாக் கல்லூரிக்கும் தொலைபேசி. தெற்கு முடிந்து, மலையும் கடலோரமும் முடிந்து, வடக்கில் கால்வாய்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள கல்லூரிக்கு வந்தபோது மணி இரண்டு. அங்குள்ள எழுத்தர் பேச்சுப் பிரியர்.

"கடைசியா புவியியலுக்கு ஒருத்தர் மேடம். சாயங்கால வகுப்புக்கு மட்டும் வருவார். தங்கமான மனுஷன். என்ன, வாரத்துல ஒரு நாள் குடையை மறந்துட்டுப் போயிடுவார். பிடியில பச்சை நூல் சுத்தின குடை."

பென்சில் நின்றது. அந்தப் பச்சை நூலைச் சுற்றியது அக்காவின் கை. குடைக்காரர் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெற்கு மண்டலக் கல்லூரியில் காலையில் புவியியல் நடத்துகிறவர். முதல் ஆளாக அக்கா கோடு போட்டவர். சர்க்கரை கூடிவிட்டது, நடங்கள் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து ஆறு மாதமாக மாலையில் 'நடக்க'ப் போகிறவர். விளக்கின் அடியில்தான் இருட்டு.

உடனே வீட்டுக்காரருக்குத் தொலைபேசி.

"என்னங்க, நேத்து எத்தனை சுத்து நடந்தீங்க?"

"நாலு."

"கரும்பலகைக்கு முன்னாடியா?"

"யார் சொன்னா?"

"உங்க குடை."

"பசங்க ஆசையா கேக்குறாங்கம்மா. ரெண்டு பாடம் நடத்தினா மனசு லேசாயிடுது. பாலம் வரைக்கும் நடந்துதான் போறேன், சத்தியமா."

அக்காவுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கடைசியில் சிரிப்புதான் நின்றது. முப்பது வருடம் கத்தியும் தொண்டை சலிக்காத மனிதரை என்ன செய்வது?

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்று வைத்துவிட்டார். இரண்டு கல்லூரியிலும் அவருக்கு ஒரே பணி எண்; மீசைக்காரரின் கணினி ஒருமுறைதான் எண்ணியிருக்கிறது. ஆள் ஒன்று என்றால் கோடும் ஒன்று. காலையில் கையெழுத்துப் போடும் மண்டலமே அவர் மண்டலம். வடக்கின் கடைசிக் கோட்டை அழித்து, எட்டை ஏழாக்கி, தாளை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

"ஆள் யாருக்கா?" என்றார் மீசைக்காரர்.

அக்கா எதிர் மேசைக்கு எட்டி மீசைக்காரருடைய பென்சிலை எடுத்து, முனை ஊசியாகும்வரை சீவி, தூளை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.