குசினிக்குள் அடித்த போன்

போன ஆவணி மாதம், மன்னார் தீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வசதி.

1. நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது, அங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்ட என் அக்கா, பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு பத்து நாள் தங்க வந்தாள்.
2. மன்னார் நகரில் ஒரு கந்தோரில் கணினிகளைப் பராமரிக்கும் நான், பத்து நாளும் லீவு எடுத்தேன்.
3. முதல் மூன்று நாளில் போனில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்துவிட்டேன்.
4. நான்காம் நாள் மாலை ஏழு மணிக்கு அம்மா அக்காவுக்குப் போன் எடுத்தார். அக்கா அப்போது எங்கள் குசினிக்குள், அடுப்படியில் நின்றாள்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை சொல்லி முடிந்ததும் அம்மா அக்காவை அழைப்பார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அக்கா வந்த முதல் மூன்று நாளும் அவள் பக்கத்திலேயே இருந்ததால் அழைக்கத் தேவை வரவில்லை. அன்றும் செபமாலை முடிந்தது. அக்கா கறியைப் பார்க்க எழுந்து போனாள். நான் அன்றைய படங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா தன் கதிரையில் அமர்ந்து, விரல் பழகிய இடத்தில் அழுத்திவிட்டார். குசினி யன்னலில் கிடந்த அக்காவின் போன் அடித்தது. அம்மாவின் பெயரைப் பார்த்ததும் அக்காவும் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கம்மா, சாப்டீங்களா?"

"இன்னும் இல்லை மகள். நீ என்ன சமைச்சனி?"

"பாரை மீன் குழம்பும்மா."

"இஞ்சயும் பாரைதான். அப்பா காலமை கடலால கொண்டந்தவர்."

வாசலில் நின்ற அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "இஞ்சேரப்பா, உங்கட ரெண்டு பேருக்கும் நடுவில கிடக்கிறது கடலில்லை, குசினிச் சுவர்!"

அகப்பையோடு அக்கா வெளியே வந்தாள். இருவரும் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினேன். "கொஞ்சம் பொறுங்கோ, திரும்ப ஒருக்காச் சிரியுங்கோ" என்றும் சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்து இறக்கினாள். "ஏண்டி, நான் வந்து நாலு நாளாச்சு. நீ இன்னும் என்னை அதுக்குள்ளதான் பாக்கிற. வெளிய வா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அடுத்து எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. கிடைத்ததே பத்து நாள். அதில் நாலைப் பக்கத்தில் இருந்தபடியே நல்ல வெளிச்சம் தேடித் தொலைத்திருக்கிறேன்.

போனை அலுமாரிக்கு மேல் வைத்தேன். ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. அக்காவின் பிள்ளைகள் அங்கே அவள் குரலுக்காகக் காத்திருப்பார்கள். காலையில் அரை மணி நேரம் எல்லோருமாகச் சேர்ந்து அவர்களோடு கதைப்போம். பிறகு நாலு போனும் மேலே போய்விடும். மிச்ச நாட்களில் கடற்கரையில் நடந்தோம், நண்டு உடைத்துத் தின்றோம், அம்மாவுக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று சண்டை பிடித்தோம்.

தினமும் கதைத்தும் எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவரின் தொடையில் ஓங்கி அடிப்பாள். எப்போது வந்த பழக்கமோ! போனில் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

இப்போது அக்கா அங்கே, நாங்கள் இங்கே. மாலையில் அம்மாவின் ஒரு போனைச் சுற்றி மூவரும் இருக்கிறோம். என்னுடையது வேறு அறையில் கிடக்கிறது. அவள் அந்தப் பக்கம் சிரிக்கத் தொடங்கினால், இந்தப் பக்கம் என் தொடை தானாகவே ஒதுங்குகிறது.