எதிர்வீட்டுத் தட்டில் போட்ட வெந்தயம்

காய்ச்சல் மளிகைக் கடையில்தான் குடியிருக்கிறது என்று நம்பியவன் நான். உளுத்தம்பருப்புக்கும் கடலைமாவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, எவன் பை திறந்திருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் கடைப்பக்கம் போகாமல் இருந்துவிட்டால் நம் வீட்டுக்கு வர அதற்கு வழி தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி நம்பினேன். பம்புசெட் கடையில் விற்பனையாளன் நான். தண்ணீரே இல்லாத கிணற்றுக்காரரிடமும் மோட்டாரின் பெருமையைப் பேசி விற்றிருக்கிறேன். என் பேச்சை நானே நம்பியது அதுதான் முதல் தடவை.

என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, கீமோ ஊசி போட்டுக்கொண்டிருந்த சமயம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இரண்டாவது ஊசி போட்ட பதினோராம் நாள் தீபாவளி வந்தது. பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும், அப்போது சின்னக் கிருமி வந்தாலும் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கூட்டத்துக்குப் போகாதீங்க. வெளிச்சாப்பாடு வேணாம். அன்னன்னைக்கு வீட்ல சமைச்சதைச் சூடா சாப்பிடுங்க. காய்ச்சல் நூறைத் தாண்டினா எந்நேரமானாலும் கூட்டிட்டு வந்திருங்க." அவர் சொன்னது இவ்வளவுதான். அணுக்கள் ஏறினால்தான் மூன்றாவது ஊசி. நடுவில் காய்ச்சல் வந்தால் ஊசி தள்ளிப்போகும். தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள், பண்டிகைச் சாமான் வாங்க கே.கே. நகர் மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். பில் போடும் வரிசை எண்ணெய் அடுக்கைச் சுற்றிக்கொண்டு சோப்பு அடுக்குவரை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் தும்மினார். ஒரே ஒரு தும்மல். அதுவும் பாவம், கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் தும்மினார். அந்தத் தும்மல் என் சட்டைப்பையில் ஏறி உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றியது. கூடையைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன். "சார், கூடை, சார்" என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையாமல், வாசல் குழாயடியில் சட்டை பேண்ட்டோடு உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"யாரு செத்தது?" என்றாள்.

"யாரும் சாகலை. ஒருத்தர் தும்மிட்டாரு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சோப்பு வேணுமா?" என்று கேட்டாள்.

அன்றைக்குச் சட்டம் போட்டேன். தீபாவளி முடிகிறவரை கடை கிடையாது. வீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. போனில் சொன்னால் வாசலில் கொண்டுவந்து தருவார்கள்தான். ஆனால் அவர்களும் அதே அடுக்கிலிருந்துதானே எடுத்து வரப்போகிறார்கள். பால் பாக்கெட்டுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் உள்ளே விட்டேன். பம்புசெட் கடைக்கு லீவு சொன்னேன். பேரையூரிலிருந்து மச்சினன் அனுப்பிய துவரையும் குதிரைவாலியும் இருந்தன. அரை மூட்டை அரிசி, கொஞ்சம் புளி, சீனி ஒரு டப்பா, கொல்லையில் ஒரு முருங்கை மரம். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு படையையே எதிர்த்து நிற்கலாம் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளிடம் தீபாவளிக்கு வராதே என்று சொன்னதும் இந்தச் சட்டத்தில்தான்.

"அம்மாவைப் பார்க்காம எப்படிப்பா?" என்றாள்.

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல அம்புட்டுக் கூட்டத்துல இறங்கி வருவ. பஸ்ல எத்தனை பேரு இருமியிருப்பாங்க?"

"மாஸ்க் போட்டுக்கிட்டு வாரேன்."

"மாஸ்க் போட்டவங்க கூட்டமா வந்தா அதுவும் கூட்டந்தான்."

அவள் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இவள் ரொம்ப நேரம் "ம்" கொட்டினாள். கடைசியில், "உங்கப்பா பயப்படுறாரு. விடு" என்றாள். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

அந்த நாட்களில் மாறி மாறி ரசமும் பருப்பும் முருங்கைக்கீரையும்தான். ஒருவேளை குதிரைவாலிக் கஞ்சி. நான்தான் சமைத்தேன். அவளுக்கு வாயெல்லாம் புண். எதைக் கொடுத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். என் சமையலுக்கு அது வசதியாகப் போயிற்று என்று சொன்னேன். சிரித்தாள், சிரித்தபோது உதடு வெடித்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் வேடிக்கையாகப் பேசவில்லை. அவளே, "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டபிறகுதான் பேசினேன்.

எல்லாம் சரியாகவே போயிருக்கும். பலகாரத் தட்டுகளை மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

எங்கள் தெருவில் எண்ணெய்ச் சட்டி வைத்த வீடு, அக்கம்பக்கத்துக்கு ஒரு தட்டு அனுப்பாமல் இருக்காது. வாங்கிய வீடு அந்தத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. சீனியோ பழமோ ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே எதிர்வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அம்மாவுக்குக் கை ஓயாது. சுட்ட பலகாரம் ஒவ்வொன்றும் சுட்டவுடன் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். மனைவிக்கு டைபாய்டு என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருந்தோம். தலையில் துணி கட்டிக்கொண்டு அவளும் வெளியே வருவதில்லை. பலகாரம் வேண்டாம் என்றால் ஏன் என்று துருவுவார்கள், அதனால் மறுக்கவும் முடியாது. தட்டை வாங்கி, முறுக்கைக் கொட்டிவிட்டு, ஒரு கரண்டி சீனியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வெளிச்சாப்பாடு ஆயிற்றே, மனைவிக்குத் தர முடியாது. எறியவும் மனசு வரவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே தின்றேன். முறுக்கை எவ்வளவு மெதுவாகக் கடித்தாலும் சத்தம் வரத்தான் செய்யும். அவள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஒண்ணு தாங்க."

"வெளிச்சாப்பாடு. கூடாது."

"திங்க மாட்டேன். திங்கவும் முடியாது. மோந்து பார்த்துட்டுத் தந்திர்றேன்."

ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "ஓமம் போட்டிருக்கா" என்றாள். பிறகு உடையாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். நான் அவள் கையைக் கழுவிவிட்டேன். அந்த முறுக்கை மட்டும் என்னால் தின்ன முடியவில்லை. டப்பாவின் அடியில் போட்டு வைத்தேன்.

மறுநாள் அதிரசம் வந்தது, சீனி போட்டேன். மாடிவீட்டிலிருந்து ரவா லட்டு, சீனி. முனைவீட்டிலிருந்து மிக்சர், மறுபடி எதிர்வீட்டிலிருந்து சீடை. சீனி டப்பா வழித்துத் துடைத்த மாதிரி ஆனதும் வெல்லத்தை உடைத்துப் போட்டேன். வெல்லம் தீர்ந்ததும் பொட்டுக்கடலை. படையை எதிர்த்து நிற்கக் கிளம்பியவன் கிடங்கைத் தட்டுத் தட்டாக எதிரிக்கே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு முந்தைய நாள் எதிர்வீட்டிலிருந்து ஓட்டுப் பக்கோடா வந்தபோது, போட்டுக் கொடுக்க வெந்தயத்தைத் தவிர ஒன்றுமில்லை. வெந்தயத்தைப் போட்டேன்.

சற்று நேரத்தில் அந்த அம்மாவே வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, முதத் தட்டுல சீனி வந்துச்சு. பெறகு வெல்லம். நேத்துப் பொட்டுக்கடலை. இன்னிக்கு வெந்தயம். நாளைக்குக் கடுகா?"

"வெந்தயம் உடம்புக்குக் குளிர்ச்சிம்மா."

"எங்க உடம்பு கெடக்கட்டும். வீட்ல சாமான் இல்லையா?"

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இந்த டைபாய்டு வந்துச்சுண்ணே. மூணு வாரத்துக்கு ஒரு ஊசி. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இப்ப நல்லா இருக்காக. அக்காகிட்டச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அந்த அம்மாவே ஒரு பெரிய தட்டோடு வந்தாள். பலகாரம் இல்லை. சீனி, ரவை, வாழைக்காய், ஒரு கீற்றுப் பூசணி, தேங்காய். நான் ஓடி வந்த அதே கடை வரிசையில், அதுவும் தீபாவளிக்கு முந்தைய நாள், அவள் நின்று வாங்கி வந்திருக்கிறாள்.

"இதுல எதுவும் நான் சமைச்சது இல்லை. நீங்க கழுவுங்க, வேக வைங்க, குளிப்பாட்டுங்க, என்ன வேணாப் பண்ணுங்க. தட்டை மட்டும் வெறுமனே குடுங்க. ஒண்ணும் ஆயிராது."

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக வெறுந்தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மனைவியை உட்கார வைத்து, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற வைத்துத் தலையில் வைத்தேன். இருபத்தேழு வருசமாக அவள் தலையின் வடிவம் எனக்குத் தெரியாது. பின்பக்கம் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் கிணற்றுமேட்டில் விழுந்தது என்றாள்.

"இந்த வருசம் சீயக்காய் மிச்சம்" என்றாள். "உங்க கிடங்குல எழுதி வச்சுக்கங்க."

வாழைக்காய்ப் பொரியலும் ரவாகேசரியும் செய்தேன். கேசரியில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். இரும்பு வாசனை இல்லை என்றாள். மதியம் படுத்தவள், போர்வை கேட்டாள். மின்விசிறி ஓடாத அறை அது. தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்றொன்று காட்டியது.

கருவி கெட்டிருக்கும் என்று என் வாயில் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. ஆஸ்பத்திரிக்கென்று பத்து நாளாகத் தயாராக வைத்திருந்த பை கண்ணெதிரே இருந்தது. அதைத் தேடி இரண்டு தடவை வீட்டைச் சுற்றினேன். ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் அவள் செருப்புமாக வாசலுக்குப் போனேன். காலையில் வெறுந்தட்டைத் திருப்பியதுதான் காரணமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவள்தான் எழுந்துபோய் கேஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், பையை எடுத்தாள், தலையில் துணியைக் கட்டினாள். பிறகு யோசித்துவிட்டு அவிழ்த்துவிட்டாள்.

அவள் அப்படியே வெறுந்தலையோடு வாசலில் வந்து நின்றதை எதிர்வீட்டம்மா பார்த்தாள். உள்ளே திரும்பி, தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. அவள் வீட்டுக்காரர் புதுவேட்டியோடு கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். தெருவெல்லாம் வெடிப்புகை. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. சலைன் பாட்டிலில் விழும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அவளும் என்னைக் கிண்டல் பண்ணவில்லை. எனக்குப் பயத்தைக் கொடுத்தது அதுதான். மகள் என்னைக் கேட்காமலே பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் அந்தக் கூட்டத்தில் இறங்கி வந்தாள். அவளைப் பார்த்ததும் என் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் மாஸ்க்கைக் கழற்றாமலே அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தவள், "அந்தக் கேசரிச் சட்டியை ஊறப் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வந்தபோது, எதிலிருந்து வந்தது என்று கேட்டேன். பூசணியா, ரவையா, பால் பாக்கெட்டா, மோந்து பார்த்த முறுக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுலயிருந்தும் வரலை சார். எல்லார் குடல்லயும் எப்பவும் இருக்கிற கிருமிதான் இது. அணு குறைஞ்சா அதுவே ரத்தத்துக்கு ஏறிரும்."

"அப்ப நான் கடைக்குப் போயிருந்தாலும்?"

"போகாம இருந்ததும் நல்லதுதான். ஆனா இது கடைக்குப் போறதால வர்றதும் இல்லை, போகாம இருக்கிறதால நிக்கிறதும் இல்லை."

நான் வாசலைப் பூட்டிக் காத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது அவள் வயிற்றுக்குள்தான் இருந்தது. மூன்றாவது ஊசி பத்து நாள் தள்ளிப்போனது. அதற்குள் அணுக்கள் ஏறின. ஊசி போட்டார்கள்.