பேத்தியின் வயலினை நிறுத்திய பொய்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் வைத்து என் பேத்தியிடம் ஒரு பொய் சொன்னேன். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பொய் அன்று எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

மகனும் மருமகளும் ஓசூரில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி எங்களோடு தங்கி, சேலம் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். சிறு வயதில் தொடங்கிய வயலினையும் அவள் விடவில்லை. சனிக்கிழமைதோறும் தருமபுரியில் ஒரு டீச்சரிடம் வகுப்பு. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் தேறாமல் போனதும் பழியை வயலின் மேல் போட்டேன்.

டீச்சருக்கு போன் செய்து, "அவளுக்குப் படிப்புச் சுமைங்க, நிறுத்திக்கிறாளாம். உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா. நீங்களும் கேக்காதீங்க" என்றேன். பேத்தியிடம், "டீச்சருக்கு இனிமே நேரம் இல்லியாம்" என்றேன்.

"நான் சரியா வாசிக்கலைன்னு சொன்னாங்களா தாத்தா?"

நான் பதில் சொல்லவில்லை. பொய்யைவிட அந்த மௌனம்தான் பெரிய பாவம்.

வில்லின் முடியைத் தளர்த்தி, பெட்டியை மூடி, பீரோ மேல் வைத்துவிட்டாள். மாலையில் புத்தகத்தைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த செமஸ்டரில் அந்தப் பாடத்தோடு இன்னொன்றும் போனது.

ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து தோழியிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. "சின்னதுல இருந்து கத்துக் குடுத்த டீச்சரே வேணாம்னுட்டாங்கடி. நம்ம லட்சணம் அவ்ளோதான். கெமிஸ்ட்ரி மட்டும் எப்படி வரும்?"

மறுநாள் காலை தருமபுரிக்கு டவுன் பஸ் ஏறினேன். டீச்சர் வீட்டில் கடைக்கு வழி சொன்னார்கள். டீச்சர் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்மசி படித்தவராம், சொந்தக் கடையாம். படித்துக்கொண்டே வயலினும் கற்றவராம். இத்தனை வருடத்தில் அதைக்கூட நான் கேட்டதில்லை. கூட்டம் குறையும் வரை நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னங்க சார் இது! ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாளேன்னு நானும் மனசுல வெச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல வூட்டுக்குப் போயி அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. சில நாட்கள் என்னோடு பேசவே இல்லை. நான் பக்கத்திலேயே இருப்பேன். என் மனைவியிடம், "அவரைச் சாப்பிட வரச் சொல்லு ஆயா" என்பாள்.

சனிக்கிழமை காலை பெட்டியை இறக்கினாள். இத்தனை நாள் சும்மா கிடந்ததில், தந்தியை முறுக்கும் கட்டைகள் நிற்காமல் நழுவின. சட்டென்று என் பக்கம் திரும்பி, "சாக்பீஸ் இருக்கா?" என்றாள். அதுதான் அவள் மறுபடியும் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அலமாரியைக் குடைந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கட்டைகளில் தேய்த்து, அவை நழுவாமல் நின்றதும் சுருதி சேர்த்தாள்.

"உக்காருங்க. தினமும் நான் சாதகம் பண்றப்ப நீங்கதான் தாளம் போடணும். அதான் தண்டனை."

ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் எனக்குக் கை தடுமாறியது.

"கணக்கு வாத்தியாருக்கு எட்டு வரைக்கும் எண்ண வரலியா?" என்று சிரித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அரியரில் ஒன்றை முடித்துவிட்டாள், இன்னொன்று பாக்கி இருக்கிறது. அது இப்போது என்னைப் பயமுறுத்துவதில்லை. விரல் விட்டு எண்ணி முடித்து ஐந்தாவது எண்ணிக்கையின் தட்டுக்கு வரும்போது இன்றும் என் கை தவறுகிறது. அப்போதெல்லாம் அவள் வில்லை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்கிறாள், அவள் பரீட்சையில் தவறியபோது நான் அப்படிக் காத்திருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து தட்டுகிறேன்.