தர்ஷினிக்குக் கொடுத்த இரும்புக் குளிசை

பள்ளிக்கூடங்களில் இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும் தாதியின் வேலையில் பாதி சந்தேகப்படுவது, மீதி சந்தேகிக்கப்படுவது. கொழும்பில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் இதே வேலையில் நொந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள்.

குரோட்டன் சாடி

வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலை. பிள்ளைகள் குளிசையை வாங்கி, தண்ணீர் குடித்து, நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் நம்புவதில்லை. ஒருநாள் பத்தாம் வகுப்பு யன்னலோரம் இருந்த குரோட்டன் சாடியை விரலால் கிளறினேன். மண்ணுக்குள் கைநிறையக் குளிசை. வகுப்புத் தலைவியைப் பார்த்து முறைத்தேன். அவள் கொஞ்சமும் அசையவில்லை.

“அது வாடிப்போய் நிண்டது மிஸ், எங்களைவிட அதுக்குத்தான் தேவை.”

சும்மா தருவினமோ

அதே வகுப்பில் தர்ஷினி என்றொரு பிள்ளை. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். சோதித்துப் பார்த்தால் இரத்தம் மிகக் குறைவு. அவள் நெட்போல் டீமில் சேரக் காத்திருந்தவள். இரத்தம் ஏறும்வரை மைதானத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல, பிள்ளை விக்கி விக்கி அழுதாள். எனக்கும் பாவமாக இருந்தது.

தாயை அழைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லேனுக்குள் ஒரு பிளாட்டில் இருப்பவர். முருங்கையிலை வறை, நெத்தலி, பயறு, சாப்பாட்டோடு ஒரு தோடம்பழம் என்று சொல்லி, வீட்டில் தினமும் கொடுக்க ஒரு மாதக் குளிசையையும் நீட்டினேன். அவர் பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிற்காலத்தில் பிள்ளை தங்காமல் செய்கிற குளிசை என்று லேனில் யாரோ ஓதியிருக்கிறார்கள்.

“அரசாங்கத்திலை அரிசி விலையைக் குறைக்க ஏலாதவை, இதை மட்டும் ஏன் மிஸ் சும்மா தருவினம்?”

கறுப்பு

சில நாளில் அவரிடமிருந்து போன். வயிற்றால் கறுப்பாகப் போகிறது, பயமில்லையா என்று கேட்டார். இந்தக் குளிசைக்கு அப்படித்தான் போகும் என்றேன். போனை வைத்ததும் எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. கறுப்பென்றால் குளிசை உள்ளே போகிறது.

மாதம் முடிந்து சோதித்தால் தர்ஷினியின் இரத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. என் சந்தேகம் பிளேன்டீ மேல் போனது. எங்கள் சனத்துக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அந்தச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. குளிசையைத் தேத்தண்ணியோடா போடுகிறாய் என்று அவளை அதட்டினேன். அவள் விழித்தாள்.

“நான் தேத்தண்ணியே குடிக்கிறேல்லை மிஸ். நீங்கள் எந்தக் குளிசையைச் சொல்லுறீங்கள்?”

நாலாம் மாடி

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. வாசலில் எதிர்ப்பட்ட தாய் மரக்கறிப் பையோடு விறுவிறுவென்று ஏற, நான் இளைத்துக்கொண்டு பின்னால் போனேன். குளிசையைக் குப்பையில் போட்டீர்களா என்று கோபத்தோடுதான் கேட்டேன். இல்லையாம். அத்தனையையும் தானே விழுங்கியிருக்கிறார். கறுப்பாகப் போனதும் அவருக்குத்தான். பிள்ளை தங்குமா என்பதை இந்த வயதில் தன் உடம்பில் எப்படிச் சோதித்தார் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை மிஸ். ஏதும் நடந்தால் எனக்கு நடக்கட்டும் எண்டு நான் முதல் குடிச்சுப் பாத்தனான். ஒண்டும் நடக்கேல்லை, இனி அவளுக்குத் தாங்கோ.”

மைதானத்தில்

தர்ஷினிக்குப் புதுப் பக்கெற் கொடுத்தேன். தாயையும் கிளினிக்குக்குக் கூப்பிட்டுச் சோதித்து, அவருக்கென்று தனியாக ஒன்று கொடுத்தோம். மெல்ல மெல்ல இரத்தம் ஏறியது. டாக்டரும் சரி என்றார். அவள் முதன்முதலாக டீமில் ஆடிய நாள் நானும் போயிருந்தேன். பந்தைப் பிடிக்க அவள் எம்பிய எம்பலைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற தாய் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எதிர் டீமில் வெளிறிப்போய் நின்ற ஒரு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையை இடித்தார்.

“அந்தப் பிள்ளைக்கும் குளிசை குடுத்தனீங்களோ மிஸ்? தாய்க்காரி குடுக்கிறாவோ எண்டு ஒருக்கால் வீட்டை போய்ப் பாருங்கோ.”

சந்தேகமே படாத தாய் ஒருவரை இந்த வேலையில் நான் இன்னும் காணவில்லை; கண்டால் முதலில் அவர் வீட்டுக் குப்பைவாளியைத்தான் திறந்து பார்ப்பேன்.