நிற்காமல் கடந்த திருப்பம்

நான் எழுதுகிறவன் அல்லன். பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைக்கும் படித்தேன். அதன் பிறகு பேனை பிடித்ததெல்லாம் வயலுக்கு மானியப் பசளை எடுக்கக் கையெழுத்து வைப்பதற்கு மட்டும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாத உங்களை இருத்தி வைத்துக் கதை சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு யன்னல் கட்டில் ஓர் இரும்புத் துண்டு கிடக்கிறது. வீடு கூட்டும்போது மனைவி அதைக் கையில் எடுத்து, "இதை இன்னும் எறியேல்லையோ?" என்று கேட்பாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவளும் தூசியைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுவாள். வாயால் சொல்ல முடியாத அந்தப் பதிலைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அது ஒரு மோட்டார் சைக்கிளின் கிக்கர். காலால் உதைத்து எஞ்சினை இயக்குகிற கம்பி. ஒரு சாண் நீளம் இருக்கும். அது ஒடிந்த இடத்தைப் பார்த்தால் வெல்டிங் எப்படிப் பிடித்திருக்கிறது என்பது தெரியும். உள்ளே இரும்போடு இரும்பு ஒட்டவே இல்லை. வெளி ஓரத்தில் மட்டும் பூசி, அராவி, மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். வாங்கிய அன்று அந்தக் கறுப்பைத்தான் நான் தடவித் தடவிப் பார்த்தேன்.

எங்கள் ஊர் மாங்குளத்துக்குத் தெற்கே, ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே காட்டுக்குள் இருக்கிறது. அங்கே ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே படிப்பிக்கிற ரீச்சர் வவுனியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து எங்கள் சந்தியில் இறங்குவார். ஓமந்தை தாண்டும்போது எனக்கு ஒரு மிஸ்கோல் தருவார். அதுதான் நான் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டிய நேரம். காட்டுப் பாதையில் அவரை ஏற்றிவந்து பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போவேன். பள்ளிக்கூடம் விட்டதும் திரும்ப ஏற்றிப்போய்ச் சந்தியில் விடுவேன். பெற்றோல் செலவைப் பிள்ளைகளின் பெற்றார் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு முன்பு வந்த ஆசிரியர்கள் பாதையைப் பார்த்தார்கள், யானை லத்தியைப் பார்த்தார்கள், இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரீச்சர் ஒருவர்தான் நின்றுபிடித்தார். அவரும் வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். என்னுடைய கடைசி மகள் அப்போது அங்கே மூன்றாம் வகுப்பு.

ரீச்சருக்கு ஐம்பது கடந்த வயது. பருத்த உடம்பு, முழங்கால் நோ, எப்போதும் சேலை, எப்போதும் குடை. மோட்டார் சைக்கிளில் ஏறியதும் கதைக்கத் தொடங்குவார். இறங்கும்வரை என் முதுகோடு கதைப்பார். நான் "ஓம் ரீச்சர்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் 'எங்கள் ஊர் யானை' என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுத விட்டிருக்கிறார். ஒரு பிள்ளை எழுதியதை எனக்குச் சொன்னார்: "யானை எங்கள் ஊருக்கு அடிக்கடி வரும். ஆசிரியர்கள் அடிக்கடி வர மாட்டார்கள்." சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளே ஆடும்படி சிரித்தார். "பத்துக்குப் பத்துப் போட்டனான் தம்பி. வேற என்ன செய்ய?" என்றார்.

பாதி வழியில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே பெரிய பாலைமரம், அதன் அடியில் ஒரு கல். அதுதான் பிள்ளையார். அந்த இடத்தில் பற்றை பாதையை நெருக்கிக்கொண்டு நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் யார் போனாலும் அங்கே எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். ஒரு குழையை முறித்துக் கல்லடியில் போட்டுக் கும்பிடுவார்கள். குழை முறித்துப் போட்டுக் கும்பிட எடுக்கிற நேரம் காடு முழுக்கக் காதுக்குள் வரும். கொப்பு முறிகிற சத்தம் கேட்டால் அப்படியே நிற்பது, கேட்காவிட்டால் போவது. "குழை பிள்ளையாருக்கு, காது எங்களுக்கு" என்று ரீச்சர் சொல்வார். அந்த ஓரிடத்தில் மட்டும் அவரும் கதைக்க மாட்டார்.

மணல் ஏற்றுகிற டிப்பர்கள் அந்தப் பாதையால் ஓடத் தொடங்கிய பிறகு மாரியில் பாதை பாதையாக இருக்கவில்லை. டிப்பர் சில்லு கிழித்த பள்ளங்களில் என் பழைய மோட்டார் சைக்கிள் அடிவயிறு முட்டிக்கொண்டு நிற்கும். ரீச்சர் இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடப்பார். இரண்டு தரம் விழுந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு, "இனி ஏலாது போலக் கிடக்கு தம்பி" என்று அவர் சொன்ன அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த நாட்களில் பெடியள் காட்டுப் பாதைகளில் உயரமான மோட்டார் சைக்கிள்களில் பறந்து திரிவதைக் கண்டிருந்தேன். டேர்ட் பைக் என்பார்கள். புதிது வாங்க எங்களால் நினைத்தும் பார்க்க முடியாது. வவுனியாவில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற ஒரு கராச்சில் கேட்டவர்களுக்குக் கேட்டபடி அப்படிக் கட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு நாம்பன் மாடுகளை விற்றுவிட்டுப் போனேன். கராச்சுக்காரன் சின்ன வயது, நல்ல வாய். ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் முன்கால், தானே வளைத்து ஒட்டிய சட்டம், முள்ளு முள்ளான ரயர். "அண்ணை, இது மலையிலயும் ஏறும்" என்றான். எங்கள் பக்கத்தில் மலை இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

தார் வீதியில் அது நன்றாகத்தான் ஓடியது. சந்தியில் ரீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி அதைப் பார்த்தார். அதன் இருக்கை அவருடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது. "என்ன தம்பி இது, மோட்டச்சைக்கிளோ ஒட்டகமோ? அவன் ஏணி ஒண்டும் தரேல்லையோ?" என்று கேட்டார். யாருக்காக அதை வாங்கினேனோ அவர் எப்படி ஏறுவார் என்று நானும் யோசிக்கவில்லை, கராச்சுக்காரனும் கேட்கவில்லை. கடைசியில் மதகுக் கட்டில் ஏறி நின்று, அங்கிருந்து ஏறினார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஒரு மேசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பின்னால் பிடிக்கக் கம்பி இல்லாததால் என் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கிழமைக்குள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. பள்ளத்தில் இறங்கினால் சட்டம் முனகும். பெற்றோல் தாங்கி ஒட்டுக்குள்ளால் கசிந்து என் காற்சட்டையை நனைக்கும். சத்தமோ பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேளாது. எல்லாவற்றையும்விட, சூடேறிய பிறகு எஞ்சினை நிறுத்தினால் திரும்ப இயங்காது. ஆறும்வரை அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கராச்சுக்காரனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அண்ணை, புது வேலை, இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட இளகும்" என்றான். "சரி தம்பி" என்று வைத்துவிட்டேன். ரீச்சர் என்னை ஏசினார். "உங்கட வாய்க்கு என்ன பூட்டோ? நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்." "வேண்டாம் ரீச்சர், பாவம், சின்னப் பெடியன்." "அவன் பாவமில்லை. நாங்கள்தான் பாவம்."

இதனால் நடந்தது என்னவென்றால், பாலைமரத் திருப்பத்தில் எங்களால் நிற்க முடியாமல் போனது. நிறுத்தினால், யானை வந்தாலும் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. நிறுத்தாவிட்டால், யானை நிற்பதே தெரியாது. இரண்டில் எது குறைந்த பயம் என்று நான் நாள்தோறும் யோசித்தேன். ஓடுகிற பயமே பரவாயில்லை என்று நிறுத்தாமலே போனோம். ரீச்சர் சந்தியிலேயே ஒரு குழையை முறித்துக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். கல்லைக் கடக்கும்போது ஓட்டத்திலேயே எறிந்து, "பிள்ளையாரே, குறை நினையாதையும்!" என்று கத்துவார். முதல் நாட்களில் இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. திருப்பம் நெருங்க நெருங்கச் சட்டை ஓரத்தைப் பிடித்திருக்கும் அவருடைய பிடி இறுகும். அந்த இரைச்சலுக்குள் எனக்குக் காது இருந்தும் இல்லை. வளைவின் அந்தப் பக்கம் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அது பற்றையின் நிழலா, வேறொன்றா என்று தெரிவதற்குள் அதன் பக்கத்தால் போய்விட்டிருப்போம். ரீச்சர் வழி முழுக்கக் கதைப்பதையும் விட்டுவிட்டார்.

மாரி முடியப்போகிற ஒரு நாள். பள்ளிக்கூடம் விட்டுச் சந்திக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலைமரத்தைக் கண்டு நான் வேகத்தைக் கூட்ட, எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. அத்தனை நாள் கேளாமல் இருந்த காடு ஒரேயடியாகக் காதுக்குள் வந்தது. சூட்டில் இரும்பு 'டிக், டிக்' என்றது. அதற்கும் அப்பால், பற்றைக்குள், ஒரு கொப்பு முறிந்தது. பிறகு வயிற்றுக்குள் இடி உருளுவது போன்ற அந்தச் சத்தம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே அது என்னவென்று தெரியும்.

உதைத்தேன். மறுபடி உதைத்தேன். மூன்றாம் முறை என் கால் வெறும் காற்றில் போய் நிலத்தில் அடித்தது. கிக்கர் ஒடிந்து சேற்றில் கிடந்தது. "உதையாதேங்கோ தம்பி" என்றார் ரீச்சர், மூச்சுக்குள்ளால். அப்போது அது பாதைக்கு ஏறியது. கொம்பில்லாத தனியன். கூட்டத்தோடு சேராமல் திரிகிற ஆண் யானைக்குத்தான் எங்களுக்கு மிகவும் பயம். முதுகில் சேறு காய்ந்திருந்தது. ஒரு காதின் ஓரம் கிழிந்திருந்தது. ரீச்சர் குடையை எறிந்தால் படக்கூடிய தூரம். இறங்கி ஓடலாம் என்றால், ரீச்சர் அந்த உயரத்திலிருந்து மதகோ மேசையோ இல்லாமல் இறங்க மாட்டார். நான் கையை விட்டால் மோட்டார் சைக்கிள் அவரோடு சரியும். என் சட்டைப் பையில் யானையைத் துரத்தக் கொளுத்துகிற வெடி இருந்தது. கை தானாக அங்கே போனது. ரீச்சர் பின்னாலிருந்து என் கையை அமத்திப் பிடித்தார். "வேண்டாம். பெற்றோல் மணக்குது."

உண்மைதான். என் தொடை முழுக்கப் பெற்றோல். அவருடைய சேலையிலும் ஊறியிருந்தது. நெருப்புக்குச்சி உரசியிருந்தால் யானை எங்களைத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஆகவே நின்றோம். நான் இரண்டு காலையும் அகட்டிச் சேற்றில் ஊன்றி அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மேலே இருந்தார். யானை காதை விரித்து எங்களையே பார்த்தது. தும்பிக்கையால் மண்ணைக் கிளறியது. ஓரடி முன்னுக்கு வந்தது. ரீச்சரின் நகம் என் தோளில் இறங்கியது. ஏதோ முணுமுணுத்தார். தேவாரம் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது, அவர் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், காலையில் வரவு இடாப்புக் கூப்பிடுகிற அதே ஒழுங்கில். என் மகளின் பெயர் வந்தபோது யானை தலையைத் திருப்பியது. பாதையைக் குறுக்கே கடந்து மற்றப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது. ஏன் விட்டுப்போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவரை இறக்கினேன். ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் வெட்கப்பட நேரம் இருக்கவில்லை. கால் நிலத்தில் பட்ட பிறகும் அவரைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சந்திவரைக்கும் நடந்தோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பி, "நாளைக்குப் பழைய மோட்டச்சைக்கிளைக் கொண்டு வாங்கோ தம்பி. சேறெண்டாலும் பரவாயில்லை. பிள்ளையாரிட்ட நிண்டு போவம்" என்றார்.

சில நாள் கழித்து ஒடிந்த கிக்கரை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கராச்சுக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "அட, இதுதானே அண்ணை! தாங்கோ, அஞ்சு நிமிசத்தில ஒட்டித்தாறன்" என்று கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அதைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சண்டை அதுதான்.

ரீச்சர் செட்டிகுளம் பக்கம் மாற்றம் எடுத்துக்கொண்டார். அவர் செய்தது சரி. பிறகு ஒரு தரம் தொலைபேசியில் கதைத்தார். "யானை கனவில வாறேல்லை தம்பி. எஞ்சின் நிக்கிறதுதான் வருது" என்றார். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மகளை இப்போது அந்தப் பழைய சைக்கிளிலேயே மாங்குளத்துக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறேன். திருப்பத்தில் நிறுத்துவோம். அவள் குழை முறித்துப் போடுவாள். காது கொடுப்போம். பிறகு கிக்கரில் காலை வைப்பேன். இது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. என்றாலும் உதைப்பதற்கு முன் யன்னல் கட்டில் கிடக்கிற அந்தக் கறுப்புத் துண்டு கண்ணுக்குள் வரும். "என்னப்பா, உதையுங்கோவன்" என்பாள் மகள்.

யானையைக் கண்டதற்கு மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். முந்தின நாள் பின்னேரமே பழைய சைக்கிளைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். காலையில் ஓமந்தையிலிருந்து மிஸ்கோல் வரவில்லை. ஆனாலும் சந்திக்குப் போனேன். பஸ் நிற்காமல் போனது.