பனியோடையில் குளித்த ஞாயிறு

அந்த ஞாயிறு முற்பகல் நான் செத்துக்கொண்டிருந்தேன். காரணம் பனிப்புயலோ பாறைச்சரிவோ அல்ல, என் அகம்பாவம். இதை வீரக் கதையாக எடுக்க வேண்டாம்.

நான் வட்டுக்கோட்டையில் படிப்பிப்பவன். வயது நாற்பத்தொன்று. எங்கள் ஊரில் பனைமரம்தான் உயரம். மலையேறியவர்களின் நூல்களை அலமாரி நிறைய வாசித்துவிட்டு, எல்லாம் தெரிந்தவனாக நேபாளத்துக்குத் தொடக்கநிலை மலையேற்றப் பயிற்சிக்குப் போனேன். ஒரே கயிற்றில் என்னோடு பிணைத்தது எங்கள் பக்கத்துக் குருநகர் மீன்பிடிக் குடும்பத்து அன்ரனை. கத்தோலிக்கன். புரொட்டஸ்தாந்துக்காரனான எனக்கு அதுவே குறையாகப் பட்டது.

இந்த உயரத்தில் குளிக்கவே கூடாது என்று பயிற்றுநர் சொன்னது முதல் நாள் மாலை நாலரைக்கு. நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய நானே மீறினேன். கிணற்றடியில் தலைக்கு வார்க்காமல் ஆராதனைக்குப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எட்டாம் நாள் ஞாயிறு. விடிந்ததும் பனியோடையில் அள்ளி அள்ளி ஊற்றினேன். ஈரத் தலையோடு கூடாரத்துக்கு வந்து அன்ரனை ஏளனமாகப் பார்த்தேன்.

“எட்டு நாளாக் குளிக்கேல்லை. வெட்கமில்லையோ உனக்கு?”

“உந்தத் தண்ணிக்குள்ளை மீனே இறங்காது, மாஸ்டர்.”

மனதுக்குள் காறித் துப்பினேன். பிறகு தனியே இருந்து, வேதத்தில் தன்னையே மெச்சிக்கொண்ட பரிசேயனைப் போல நேர்த்தியாக ஜெபித்தேன்.

பத்து மணிக்கு, பயிற்சிக்காகப் பனி மூடிய சாய்வில் ஏறும்போது, உடல் உதறியது. பத்தரைக்கு உதறல் நின்றது. அது தேறுவதன் அடையாளம் அல்ல என்று வாசித்திருந்தேன். விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை. பயிற்றுநர்கள் மேலே மூடுபனிக்குள் மறைந்துவிட்டார்கள். ‘ஆண்டவரே, வைத்தியரை அனுப்பும், ஹெலிகொப்ரரை அனுப்பும்.’ சாகிற வாய்க்கும் கட்டளைதான் வந்தது. பிறகு சொற்கள் கலைந்தன. ‘இரங்கும்’ என்றது மட்டும் நினைவு.

அன்ரன் இழுத்தும் சுமந்தும் என்னைக் கூடாரத்தில் சேர்த்தான். ஈர உடுப்பைக் கழற்றினான். தன் உறக்கப் பைக்குள் என்னைத் திணித்து, தானும் புகுந்து இறுகக் கட்டிக்கொண்டான்.

“மணக்குதோ மாஸ்டர்?”

“ஓம்.”

“அப்ப உயிர் இருக்கு. நித்திரை கொள்ளாமல் கதையுங்கோ.”

என் முதுகுக்குப் பின்னால் அவன் செபமாலை உருண்டது. அதை இகழ்ந்தே வளர்ந்தவன் நான். அன்று ஒவ்வொரு மணியையும் எண்ணி விழித்திருந்தேன். ஒன்றேகாலுக்கு விரல்கள் உணர்வு திரும்பி வலித்தன. அழுதேன்.

மலையுச்சியில் கடவுள் அருகில் இருக்கிறார் என்று சாட்சி சொல்வோர் உண்டு. உளறல். எனக்கு அவர் குளிக்காத ஒரு மனிதனின் சூட்டில் வந்தார்.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறு அன்ரன் வீட்டில் மதியம் சாப்பிட்டேன். இத்தனை வருடமும் அந்தத் தெருவால் போய்வந்தும் அங்கே எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்திராதவன் நான். அவன் தாயார் இரண்டாம் தரமும் குழம்பு ஊற்றினார். ஆண்டவருக்கு நன்றி.

அன்பானவர்களே, நெருக்கடியில் நீங்களும் அவரைக் கூப்பிடுங்கள். உதவியைக் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.