நிறுத்தினால் ஆடாத படம்

இராசநாயகத்தின் மேசைக்கு வந்த எந்த வீடியோ டெக்கும் ஓடாமல் வீடு திரும்பியதில்லை. இதை ஊர் சொல்லமுன்னம் அவரே சொல்லிவிடுவார். ஒரு நாளைக்கு நாலு தரமாவது சொல்லுவார்.

கொழும்பில் ஒரு றேடியோக் கடையில் பதினெட்டு வருடம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடும் ஒரு தோல் பையோடும் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். மனைவி குணலட்சுமி அழுது முடித்துப் பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே முழுக்கத் திருப்புளிகளும் குறடுகளும். மாற்றிக் கட்ட ஒரு சேட்டாவது எடுத்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். சேட்டு கோப்பாயிலும் வாங்கலாம், இந்தக் குறடு வாங்கலாமோ என்று இவர் திருப்பிக் கேட்டார். மனிதர் அப்படித்தான்.

அடுத்த வருடமே கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட ஒரு கடை எடுத்துவிட்டார். சவூதிக்குப் போன பிள்ளைகள் டெக் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. கலியாண வீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி, எல்லாவற்றுக்கும் டெக் வாடகைக்கு ஓடியது. விடிய விடிய மூன்று படம் ஓடினால் எந்த இயந்திரம் தாங்கும்? எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வந்து சேரும். "எப்பிடியாவது ஓடப்பண்ணித் தாங்கோ" என்று யாராவது சொன்னால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எப்படியாவது என்று ஒரு வேலை கிடையாது, செய்தால் சரியாகச் செய்யவேண்டும் என்று ஒரு பிரசங்கம் நடக்கும். கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

அவருக்கு ஒரே மகன். பெயர் தயாபரன், வயது பத்தொன்பது. எண்பத்தொன்பதாம் ஆண்டில் பத்தொன்பது வயது என்றால் தாய் தகப்பனுக்கு நித்திரை இல்லை. அவங்கள் இளந்தாரிமாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த அவங்கள் என்று கேட்கவேண்டாம். ஆட்கள் மாறி மாறி வந்தாலும் ஊரில் சொல் மாறவில்லை. பிடிபட்ட பிள்ளைக்குத் தலைமயிரை மொட்டையாக வழித்து, பத்து நாள் பயிற்சி கொடுத்து, துவக்கைக் கையில் கொடுத்துக் காவலுக்கு விட்டார்கள். சில பிள்ளைகள் பெட்டியில் வந்தன. அதனால் இளந்தாரி உள்ள வீடெல்லாம் ஒரே பொய்யைச் சொல்லிற்று. பெடியன் ஜேர்மனிக்குப் போட்டான். தயாபரனும் பங்குனியில் ஜேர்மனிக்குப் போனான். அதாவது, வீட்டின் பின்னறைக்குள் போனான். அங்கே உரப்பை அடுக்குக்குப் பின்னால் அவனுடைய பாய் கிடந்தது.

இந்தப் பொய்யை மூன்று மாதம் காப்பாற்றிவிட்டு ஆனி மாதத்தில் அவர்களே உடைத்தார்கள். அளவெட்டியில் குணலட்சுமியின் தமக்கை மகள் அருந்ததிக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஜேர்மனியிலிருந்து வந்து இறங்கியிருந்தான். பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண் சகோதரம் இல்லை. மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மோதிரம் வாங்கி, தலைப்பாகையோடு பக்கத்தில் நிற்கத் தோழன் வேண்டும். அது பெண்ணின் தம்பி முறையான் செய்யவேண்டிய வேலை. தூரத்து முறையில் யாரையாவது நிறுத்தலாம் என்று இராசநாயகம் சொல்லிப் பார்த்தார். "என்ரை அக்காவின்ரை பிள்ளைக்கு என்ரை பிள்ளை நிக்காமல் ஆர் நிக்கிறது?" என்று குணலட்சுமி கேட்டாள். அதற்கு மேல் கதை இல்லை. ஒரு நாள்தானே என்று விடிய முன்னம் ஒழுங்கையால் கூட்டிக்கொண்டு போனார்கள்.

போனதும் மனிதருக்குப் பயம் மறந்துவிட்டது. தவில் முழங்கியது, நாதஸ்வரம் அள்ளிக்கொண்டு போனது, மூன்று மாதம் வெயில் காணாத பிள்ளை பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை போலவே நின்றான். வீடியோக்காரர் சிமியோனுக்குப் பின்னாலேயே இராசநாயகம் திரிந்தார். ஜேர்மனியில் பார்க்கிற சனத்துக்கு ஒரு முகமும் விடுபடக் கூடாது, பந்தியில் இருக்கிற ஆட்களையும் ஒவ்வொருவராக நின்று எடுக்கவேண்டும் என்று ஆக்கினை கொடுத்தார். கசெற்றில் இரண்டு கொப்பி அடிக்கச் சொன்னதும் அவர்தான். ஒன்று ஜேர்மனிக்கு. மற்றதற்கு மச்சாள், பெண்ணின் தாய், சந்தனப் பொட்டு வைத்துத் தன் அலுமாரியில் பூட்டினாள்.

ஜேர்மனிக் கொப்பி வவுனியா தாண்டவில்லை. கொண்டுபோனவருடைய பையை அவங்கள் வழியில் மறித்துக் கிண்டி, கொப்பியை எடுத்துக்கொண்டார்கள். படம் பார்க்கிற ஆசையில் எடுத்திருப்பாங்கள் என்று இராசநாயகம் வீட்டில் ஆறுதல் சொன்னார். அவருக்கே அது சமிபாடாகவில்லை.

ஆடிக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு, கடை வாசலில் ஜீப் நின்றது. கண்ணாடி போட்ட ஒருத்தன் டெக் ஒன்றைத் தூக்கிவந்து மேசையில் வைத்தான். வயது இருபத்தைந்து இருக்கும், மரியாதையான பெடியன். டெக் கொப்பியை விழுங்கிவிட்டுத் துப்புதில்லை என்றான். மத்தியானத்துக்குள் ஓடவேண்டும், தான் இருந்து கொண்டுபோகிறேன் என்று மர வாங்கில் சாய்ந்துகொண்டான். துவக்கை மடியில் வைத்திருந்தான்.

இராசநாயகம் மூடியைக் கழற்றினார். பார்த்த உடனேயே நோய் தெரிந்தது. நாடாவை இழுத்து விடுகிற உருளை ஒழுங்காக இழுத்திருக்கிறது. இழுத்ததை வாங்கிச் சுற்றவேண்டிய சக்கரம் சும்மா நின்றிருக்கிறது. அதைச் சுழற்றுகிற சின்னச் சில்லின் றப்பர் வளையம் தேய்ந்து வழுக்கிவிட்டது. போக இடமில்லாத நாடா உள்ளுக்குள்ளேயே இடியப்பம் போலக் குவிந்து கிடந்தது. அவர் மோட்டர்ச் சில்லை விரலால் பின்பக்கமாகச் சுற்றினார். நாடா தளர்ந்தது. கொப்பி மெல்ல மேலே வந்தது.

சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் கீறியிருந்தது. சிமியோனின் கையெழுத்து. அருந்ததி திருமணம், அளவெட்டி.

வழியில் பறிபோன ஜேர்மனிக் கொப்பி. ஊரில் எந்த வீட்டில் எந்த இளந்தாரி ஆனி மாதத்தில் இருந்தான் என்பதற்கு இதைவிட நல்ல பெயர் இடாப்பு கிடையாது. ஒவ்வொரு முகமாக நின்று எடுக்கச் சொன்ன இடாப்பு. கண்ணாடிக்காரனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். டெக் ஓடவேண்டும் என்று சொன்னானே தவிர, கொப்பியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விசரன், கையில் இருக்கிற சாமானின் பெறுமதி தெரியாதவன் என்று இராசநாயகம் நினைத்தார். கொப்பி செத்தால் பிள்ளை தப்பினான். அளவெட்டிக் கொப்பியைப் பின்னேரமே போய் எரித்துவிடலாம்.

மேசைக் கரையில் பழைய ஸ்பீக்கர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் காந்தம் உள்ளங்கை அகலம். காந்தம் பட்டால் நாடாவில் படம் அழியும். விழுந்த ஆணியைத் தேடுகிறவர் மாதிரிக் கொப்பியை அதன்மேல் வைத்து இழுத்தார், திருப்பி இழுத்தார், அரைமணித்தியாலத்தில் பத்துத் தரம் இழுத்தார். பிறகு டெக்கில் போட்டு, சின்னச் சில்லை விரலால் சுற்றிக்கொண்டே காட்டினார். ரீவியில் வெறும் புழுதி பறந்தது.

"நாடா கசங்கினதாலை படம் அழிஞ்சு போட்டுது, தம்பி. இனி ஒண்டும் செய்யேலாது."

அவன் தலையை ஆட்டினான். "பரவாயில்லை அண்ணை. டெக்கைப் பாருங்கோ."

இராசநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கூடவே பழைய திமிரும் வந்தது. அந்தச் சில்லை அப்படியே விட்டிருக்கலாம். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யார் கண்டது? அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை. கொப்பியைக் கொல்லத் துணிந்த மனிதருக்கு டெக்கைக் கொல்லக் கை வராது. றப்பர் வளையத்தைக் கழற்றி, தேயாத உட்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டார். நாடாவை வாசிக்கிற தலைகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். நிறுத்தினால் படம் ஆடுகிறது, முகம் பிடிபடுகுதில்லை, அதையும் பார்க்கலாமோ என்று அவன் கேட்டான். ஏன் பார்க்கேலாது என்றார். தன்னுடைய பழைய தேர்த் திருவிழாக் கொப்பியைப் போட்டு, சின்னத் திருகு ஒன்றை மயிரளவு மயிரளவாகத் திருகி, நிறுத்திய தேர் நிறுத்தினபடியே நிற்கும்வரை அவர் விடவில்லை.

கண்ணாடிக்காரன் எழும்பி வந்து பார்த்தான். திருப்தி. தோள்பைக்குள் கையை விட்டு இன்னொரு கொப்பியை எடுத்தான். அதே சிவப்பு மை, அதே பூ. மூலையில் சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது.

"நேற்று அளவெட்டிக்குப் போனனாங்கள், அண்ணை. இதையும் உந்த டெக் திண்டுபோடும் எண்ட பயத்திலைதான் இவ்வளவு நேரமும் பைக்குள்ளை வச்சிருந்தனான்."

அவனே போட்டான். நாதஸ்வரம் கடை முழுக்க நிறைந்தது. மாப்பிள்ளை வந்து பலகையில் நின்றான். செம்புத் தண்ணீரோடு ஒருவன் குனிந்து கால் கழுவினான். அவன் நிமிர்ந்ததும் கண்ணாடிக்காரன் நிறுத்தினான். படம் இம்மியும் அசையவில்லை. ஆனால் பெரிய தலைப்பாகை வழுகி விழுந்து தோழனின் கண்ணையும் மூக்கையும் மறைத்திருந்தது. கண்ணாடிக்காரன் கிட்டப் போய் உற்றுப் பார்த்தான், பிடிபடவில்லை. இராசநாயகம் தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டார். அந்தத் தலைப்பாகை அப்படியே இருந்தால் போதும் என்று கும்பிட்டார்.

அவன் படத்தை ஓடவிட்டான். ரீவிக்குள்ளிருந்து ஒரு குரல், தவிலுக்கு மேலால், சிரிப்போடு கேட்டது.

"தயா, தலைப்பாகையை மேலை தள்ளு. முகம் தெரியட்டும், தம்பி. அப்பா சொல்லுறன்."

தோழன் தலைப்பாகையை மேலே தள்ளினான். கமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான். கண்ணாடிக்காரன் பொத்தானை அமுக்கினான். இராசநாயகத்துக்கு அந்தக் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்காரன் திரும்பி, அந்தக் குரலுக்குரியவரைப் பார்த்தான்.

"நல்ல வேலை, அண்ணை" என்றான் அவன், உண்மையாகவே மெச்சி. "வீடு கிட்டத்தானே?"

சைக்கிளில் பத்து நிமிடம். ஜீப்பில் மூன்று. ஜீப்பை ஓட்டிவந்து வெளியே நின்றவன் ஏற்கெனவே அதை ஸ்ராட் பண்ணிவிட்டான். இராசநாயகம் ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றார். தயாபரன் சிரித்தபடி நின்றான், படம் ஆடவே இல்லை.